ஒப்பனைப் பொருள்களும் உடல்நலமும்

அழகை விரும்புதல் மக்களுக்கு இயல்பு. உண்ண உணவும் உடுக்க உடையும் தேடிய பழங்காலத்திலேயே மனிதன் மேனிக்குப் பூச்சும் கண்ணுக்கு மையும் தேடிக்கொண்டான். எகிப்து நாட்டு மக்கள் கண்ணிமைகளில் கரிய மை தீட்டினர். தமிழகத்துப் பெண்டிர் மஞ்சள் பூசி நீராடினர். பாதங்களில் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டினர். ஆடவரும் மார்பில் சந்தனம் பூசினர். இவ்விருப்பம் குற்றமுடையது அன்று. தூய்மையாகவும் திருத்தமாகவும் விளங்குபவரிடத்தில் தன்மதிப்பும் ஊக்கமும் வளர்வது கண்கூடு.

ஆயினும் அக்காலத்திற்கும் இக்காலத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மஞ்சளை அரைத்தவர்க்கு அது மஞ்சள் என்பது தெரியும். கடையில் வாங்கும் களிம்பில் இருப்பது இன்னதென்று வாங்குபவர் அறியார். பற்பசை, சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு, பவுடர், நறுமண நீர், நகப்பூச்சு, கூந்தற்சாயம் என்று ஒருவர் ஒரே நாளில் பல பொருள்களைப் பயன்படுத்துகிறார். ஒவ்வொன்றிலும் பல இரசாயனப் பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில, அளவு மிகுந்தால் தீங்கு செய்வன. வேறு சில, சேர்க்கவே தகாதவை. இவ்வேறுபாட்டை உலகம் ஒரே நாளில் அறிந்துகொள்ளவில்லை. பலருடைய துன்பத்தின் வாயிலாகவே அஃது அறியப்பட்டது.

தோல், உடலைச் சுற்றிய வெறும் போர்வை என்று எண்ணுதல் பிழை. அதுவும் ஓர் உறுப்பே. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் அஃது ஏறத்தாழ 2 சதுர மீட்டர் பரப்பினதாக இருக்கும். அதன் மேற்புறத்தில் இறந்த உயிரணுக்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. உடலின் பெரும்பகுதியில் இவ்வடுக்கு ஒரு தாளின் தடிப்புக்கூட இல்லாதது. நீரையும் கிருமிகளையும் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது இதுவே. எனினும் எண்ணெயில் கரையும் சிறு மூலக்கூறுகள் இதனூடே புகுந்து இரத்தத்தை அடையவல்லன. புகைக்கும் பழக்கத்தை விட விரும்புவோர்க்கு மருத்துவர் நிக்கோட்டின் கலந்த ஒட்டுப்பட்டையைத் தருவது இவ்வியல்பைக் கொண்டே ஆகும். கண்ணிமையின் தோல் மிக மெல்லியது. குழந்தையின் தோலோ, உடல் எடையை நோக்கப் பரப்பில் மிகுந்தது. மேலும், உதட்டில் பூசிய சாயம் சிறிது சிறிதாக வயிற்றினுள் செல்கிறது. தூவிய பவுடரும் தெளித்த நறுமண நீரும் மூச்சோடு கலக்கின்றன. ஆதலின் மேலே பூசுவதுதானே என்று எதனையும் எளிதாக எண்ணிவிடல் ஆகாது.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஈய வெள்ளை என்னும் பொருள் முகப்பூச்சாக வழங்கிற்று. ஈயத்தைப் புளிங்காடியின் ஆவியில் வைத்து எடுத்த வெண்மையான தூள் இது. மென்மையாகப் படியும், தழும்புகளை மறைக்கும், முகத்திற்கு வெண்பளிங்கின் தோற்றத்தைத் தரும். ஆனால் அதிலுள்ள ஈயம் தோலைக் கெடுத்தது. கெட்ட தோலை மறைக்க அப்பூச்சையே மேலும் தடிப்பாகப் பூசினர். நோயை உண்டாக்கியதே மருந்தாகவும் தோன்றிற்று. இங்கிலாந்தில் அழகுக்குப் பெயர் பெற்ற மரியா கன்னிங் என்னும் பெருமாட்டி 1760 ஆம் ஆண்டில், இளம் வயதிலேயே இறந்தார். அவர் ஓயாது பூசிய வெண்பூச்சே அவரது உயிரைக் குடித்தது என்று பலரும் கருதினர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. இவ்வளவு ஈயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. எனினும் ஈயம் கலந்த கண் மையும் செந்தூரமும் இன்றும் சில இடங்களில் விற்கப்படுகின்றன. மை தீட்டிய குழந்தை கண்ணைக் கசக்குகிறது. கசக்கிய கையை வாயில் வைக்கிறது. நஞ்சு உடலில் புக வேறு வழி வேண்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இரசாயனத் தொழில் வளர்ந்தது. புதிய பொருள்கள் விரைவில் கடைக்கு வந்தன. அவற்றை ஆராயும் சட்டமோ விரைவில் வரவில்லை. அமெரிக்க நாட்டில் 1906 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கண்காணித்தது. ஒப்பனைப் பொருள்களைப் பற்றி அஃது ஒன்றும் கூறவில்லை. அந்நாட்டில் 1930 ஆம் ஆண்டையொட்டிக் கோரம்லு என்னும் பெயருடைய மயிர்நீக்கிக் களிம்பு விற்கப்பட்டது. அதில் இருந்தது தாலியம். எலிகளைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு. களிம்பைப் பூசிய பெண்கள் சிலர்க்குத் தலைமயிர் உதிர்ந்தது, கைகால்கள் செயலிழந்தன, பார்வை மங்கிற்று. அரசு அதனைத் தடுக்க இயலவில்லை. தடுப்பதற்குச் சட்டம் இல்லை.

சின்னாட்களில் லாஷ் லூர் என்னும் இமைச்சாயம் வந்தது. இமை மயிரையும் புருவத்தையும் கறுப்பாக்கும் அச்சாயத்தில் பாரா பினைலீன் டையமின் என்னும் நிலக்கரித்தார் வழிப் பொருள் இருந்தது. அதனைத் தீட்டிக்கொண்ட பெண்கள் சிலர்க்குக் கண்ணைச் சுற்றிலும் புண்கள் தோன்றின; சிலர் பார்வையை இழந்தனர்; ஒருவர் உயிரையே இழந்தார். 1933 ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவு மருந்து மேற்பார்வைத் துறையினர் இத்தகைய பொருள்களை எல்லாம் திரட்டி ஒரு கண்காட்சி அமைத்தனர். சாயம் தீட்டுமுன் எடுத்த பெண்ணின் படமும், தீட்டியபின் எடுத்த படமும் அதில் அருகருகே வைக்கப்பட்டன. கண்டோர் நெஞ்சம் நடுங்கினர். செய்தியாளர் அதனைக் கொடுமைக்கூடம் என அழைத்தனர். அதன் பின்னும் ஐந்து ஆண்டுகள் வாதம் நீண்டது. 1937 ஆம் ஆண்டில் நச்சுக் கரைப்பானில் கரைத்த ஒரு மருந்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த பின்னரே, 1938 ஆம் ஆண்டில் ஒப்பனைப் பொருள்களையும் உள்ளடக்கிய புதிய சட்டம் நிறைவேறிற்று. லாஷ் லூர் அச்சட்டத்தின்கீழ் முதன்முதல் கைப்பற்றப்பட்ட பொருள்களுள் ஒன்று. ஆயினும் தீங்கு செய்யும் ஒப்பனைப் பொருளைத் திரும்பப் பெறுமாறு கட்டளையிடும் உரிமை அத்துறைக்கு 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே கிடைத்தது.

இவ்வரலாற்றின் ஒரு சுவடு இந்திய இல்லங்களிலும் காணப்படுகிறது. பாரா பினைலீன் டையமின் கலந்த கூந்தற்சாயத்தின் உறையில், இமைக்கும் புருவத்திற்கும் இதனைப் பயன்படுத்தலாகாது. பயன்படுத்தினால் பார்வை கெடக்கூடும் என்னும் எச்சரிக்கையை அச்சிடவேண்டும் என்பது இந்திய விதி. ஆங்கிலத்திலும் அவ்வப் பகுதி மொழியிலும் அஃது அமைதல் வேண்டும். காதின் பின்புறத்தில் அல்லது முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, 24 மணி நேரம் பார்த்த பின்னரே தலைக்குப் பூசுதல் வேண்டும் என்னும் அறிவுரையும் அதனோடு இருக்கும். சிறிய எழுத்தில் அமைந்த அச்சொற்களைப் பலர் படிப்பதில்லை. பார்வையிழந்த பெண்கள் சிலரின் துன்பமே அச்சொற்களாக உறையில் அமைந்துள்ளது என்பதை அறிந்தவர் அவற்றைப் படியாது விடார்.

இதே பொருள் மருதாணியின் பெயரிலும் மறைந்து வருவதுண்டு. மருதாணி இலையை அரைத்து இட்டால் கை செம்மையாகச் சிவக்கும். அதற்குப் பல மணி நேரம் வேண்டும். சிறிது நேரத்திலேயே கைகளில் கன்னங்கரிய கோலம் பதியும் என்று விற்கப்படும் கருமருதாணியில் இக்கூந்தற்சாயம் பெரும்பாலும் கலந்திருக்கும். கோலம் இட்ட இடமெல்லாம் கொப்புளமாகி, அக்கோலத்தின் வடிவிலேயே தழும்பு நிலைத்துவிட்ட குழந்தைகளும் உண்டு. ஒருமுறை ஒவ்வாமை தோன்றினால் அது வாழ்நாள் முழுதும் நீடிக்கும். பின்னாளில் கூந்தற்சாயத்தைத் தொட்டாலும் அவர்கட்குப் புண் தோன்றும்.

பொருள் நல்லதாயினும் செய்யுமிடத்து நேரும் பிழை உயிருக்கு இறுதியாய் முடிதல் உண்டு. 1972 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் குழந்தைகளுக்குத் தூவும் பவுடர் ஒன்றில் ஹெக்சாகுளோரோபீன் என்னும் கிருமிக்கொல்லி தவறுதலாக நூற்றுக்கு 6 பங்கிற்கு மேல் கலந்துவிட்டது. அது குழந்தைகளின் மெல்லிய தோல் வழியே புகுந்து நரம்பு மண்டலத்தைத் தாக்கிற்று. 204 குழந்தைகள் நோயுற்றனர். அவர்களுள் 36 பேர் இறந்தனர். அன்பினால் பவுடர் தூவிய அன்னையர் அறிந்து செய்த பிழை யாதுமில்லை. உறையின்மேல் உற்பத்தித் தொகுதி எண்ணை அச்சிடவேண்டும் என்று அரசுகள் வற்புறுத்துவதன் காரணம் இங்கே விளங்கும். எந்த நாளில், எந்தக் கலவையில் பிழை நேர்ந்தது என்பதைக் கண்டு, அத்தொகுதியை விரைந்து மீட்க அவ்வெண் உதவுகிறது.

இவை எல்லாவற்றினும் இந்நாட்டு இளைஞர் நன்கு அறியவேண்டிய நஞ்சு பாதரசம். கென்யா நாட்டின் தலைநகராகிய நைரோபியில் மருத்துவர் சிலர் ஒரு புதிரை எதிர்கொண்டனர். முகமும் கால்களும் வீங்கிய நிலையில் பலர் மருத்துவமனைக்கு வந்தனர். அவர்களுடைய சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறிற்று. சிறுநீரகம் பழுதுற்றது என்பது தெளிவு. பழுதுற்ற காரணம்தான் தெளிவாகவில்லை. 60 நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள் 1972 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அந்நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் தோலை வெளுக்கச் செய்யும் களிம்பைப் பூசி வந்தவர்கள். அக்களிம்புகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை பாதரசக் கூட்டுப்பொருள் இருந்தது. பூசுவதை நிறுத்திய பின்னர்ப் பலர் குணமடைந்தனர். ஆனால் எல்லோரும் குணமடையவில்லை.

பாதரசம் மேனியை வெளுக்கச் செய்வது எவ்வாறு? தோலில் மெலனின் என்னும் கருநிறமி உண்டாகிறது. அதனை ஆக்கும் நொதியின் வேலையைப் பாதரசம் தடுத்துவிடுகிறது. சில வாரங்களில் மேனி வெளுக்கிறது. பூசியவர் மகிழ்கிறார், களிம்பின் சிறப்பைத் தோழியர்க்கும் எடுத்துரைக்கிறார். ஆனால் மெலனின் என்பது தேவையற்ற அழுக்கு அன்று. ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து உயிரணுக்களைக் காக்கும் குடை அது. வெயில் மிகுந்த நாட்டில் வாழ்வோர்க்கு இயற்கை அளித்த அக்குடையைப் பறித்துவிட்டுப் பாதரசம் அடங்கி நிற்பதும் இல்லை. தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிப்பான்கள் உள்ளன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, வேண்டுவதை மீண்டும் இரத்தத்தில் சேர்த்து, வேண்டாததைச் சிறுநீராகப் போக்குகின்றன. பழுதுற்ற வடிப்பான் புரதத்தைக் காத்து வைக்கும் ஆற்றலை இழக்கிறது. புரதம் வெளியேறச் சிறுநீர் நுரைக்கிறது. கண்ணைச் சுற்றியும் கணைக்காலிலும் நீர் கோக்கிறது. முகத்தை ஒளிபெறச் செய்ய வாங்கிய களிம்பு, முகத்தையே வீங்கச் செய்துவிடுகிறது. நெடுநாள் பூசினால் நரம்புகளும் கெடுகின்றன. மனச்சோர்வும் நடுக்கமும் தோன்றுகின்றன. களிம்பிலிருந்து எழும் பாதரச ஆவியும், அது படிந்த துண்டும் தலையணையும் அதனைப் பூசாத குழந்தைகளையும் தாக்கவல்லன.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டும் அன்று. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஆம் ஆண்டு முதல் 2023 ஆம் ஆண்டு வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுற்ற 15 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பைப் பயன்படுத்தியவர்கள். நைரோபியில் அரை நூற்றாண்டுக்கு முன் கண்ட உண்மையே இங்கு மீண்டும் காணப்பட்டது.

முகத்திலிருந்து கழுவப்பட்ட பாதரசம் அழிந்துபோவதில்லை. அது சாக்கடை வழியே நீர்நிலையைச் சேர்கிறது. அங்கே நுண்ணுயிர்களால் இன்னும் கொடிய வடிவம் பெற்று மீன்களின் உடலில் சேர்கிறது. தொழிற்சாலைக் கழிவிலிருந்த அத்தகைய பாதரசம் கலந்த மீனை உண்டு சப்பான் நாட்டு மினமாட்டாவில் மக்கள் நோயுற்ற செய்தி 1956 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய உலக உடன்படிக்கை 2013 ஆம் ஆண்டில் உருவாயிற்று. ஒரு கிலோகிராமில் ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கொண்ட ஒப்பனைப் பொருள்களை 2020 ஆம் ஆண்டோடு ஒழிக்க அது வழி செய்தது. பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்கள் அனைத்தையும் 2025 ஆம் ஆண்டோடு விலக்குவதென 2023 ஆம் ஆண்டில் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. சட்டம் இவ்வாறு இருந்தும், செய்தவர் பெயரும் முகவரியும் இல்லாத களிம்புகள் மறைவாக விற்கப்பட்டே வருகின்றன.

இவற்றையெல்லாம் கேட்போர், இரசாயனப் பொருள் எல்லாம் நஞ்சு. இயற்கைப் பொருள் எல்லாம் நன்று என்று முடிவு செய்தல் கூடும். அம்முடிவு தவறு. ஈயமும் பாதரசமும் ஆர்செனிக்கும் மண்ணிலிருந்து கிடைக்கும் இயற்கைப் பொருள்களே. தூய நீரும் இரசாயனப் பொருளே. களிம்பு கெடாதிருக்கச் சேர்க்கும் பொருள்களை அறவே நீக்கிவிட்டால், அதில் கிருமிகள் பெருகிக் கண்ணையும் தோலையும் கெடுக்கும். எந்தப் பொருள், எவ்வளவு, உடலின் எவ்விடத்தில், எத்தனை நாள் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே ஒன்றைத் தீது என்றோ நன்று என்றோ கூறல் வேண்டும். அவ்விடையும் புதிய ஆராய்ச்சியால் மாறக்கூடும். கிருமிகளைக் கொல்லும் என்று சோப்புகளில் சேர்க்கப்பட்ட டிரைக்குளோசான் என்னும் பொருள், வெறும் சோப்பையும் நீரையும்விட மிகுந்த நன்மை தரும் என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை. ஆதலால் கை கழுவும் கிருமிக்கொல்லிச் சோப்புகளில் அதனைச் சேர்ப்பதை அமெரிக்க அரசு 2016 ஆம் ஆண்டில் விலக்கியது. சுருண்ட கூந்தலை நீட்டும் நீர்மங்கள் சிலவற்றைச் சூடாக்கும்போது புற்றுநோய் தரும் பார்மால்டிஹைடு ஆவி எழுகிறது. பூசிக்கொள்பவரினும், நாள்தோறும் பலர்க்குப் பூசும் தொழிலாளர் அதனை மிகுதியாக மூச்சில் வாங்குகின்றனர்.

இந்தியாவில் 1940 ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 1962 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு ஒப்பனைப் பொருள்களையும் தன் ஆட்சியில் கொண்டது. 2020 ஆம் ஆண்டில் இவற்றிற்கெனத் தனி விதிகள் வந்தன. நிறமூட்டுவதற்கு ஈயத்தையும் ஆர்செனிக்கையும் சேர்த்தல் விலக்கப்பட்டுள்ளது. உறையின்மேல் செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்தத்தக்க இறுதி நாள், கலந்துள்ள பொருள்களின் பட்டியல் ஆகியவை இருத்தல் வேண்டும். அப்பட்டியலில் மிகுதியாக உள்ள பொருள் முதலிலும் குறைவாக உள்ளவை பின்னரும் வரும். உறையின் முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருப்பது விற்பவர் சொல்ல விரும்புவது. பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருப்பது சட்டம் சொல்ல வைப்பது. அறிவுடையோர் பின்புறத்தை முதலில் படிப்பர்.

மாணவர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சிலவே. பட்டியலும் முகவரியும் இல்லாத பொருளை வாங்கலாகாது. சில நாட்களில் நிறத்தை மாற்றும் என்னும் சொல்லை நம்பலாகாது. விரைந்து வெளுக்கச் செய்வது எதுவோ, அதனையே முதலில் ஐயுற வேண்டும். புதிய பொருளை முன்கையில் சிறிது பூசிப் பார்த்தல் வேண்டும். அரிப்போ தடிப்போ வீக்கமோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடல் வேண்டும். அப்போது பூசிய பொருளின் உறையையும் உடன் கொண்டு செல்லுதல் நன்று. நோயின் காரணத்தைக் காண அஃது உதவும்.

ஈயத்தை நாடியவரும் பாதரசத்தை நாடியவரும் அறிவிலர் அல்லர். தம் முகம் பிறர் முகம்போல் இல்லையே என்னும் ஏக்கமே அவர்களை அவ்வழியில் செலுத்திற்று. அவ்வேக்கத்தை வளர்ப்பதில், ஒருவரின் நிறத்தைச் சுட்டி நகையாடும் சொல்லுக்கும் பங்கு உண்டு. நிறம் குறைபாடு அன்று. ஆதலின் அதற்கு மருந்தும் வேண்டுவதில்லை. ஒருவரை அவர் நிறம் கொண்டு இகழாத வகுப்பறையில் நச்சுக் களிம்பு விலைபோகாது. சட்டம் காக்க வேண்டியது ஒரு பங்காயின், சொல் காக்க வேண்டியது மற்றொரு பங்கு ஆகும்.